பெடல் இல்லாத வண்டி

எங்கள் வீட்டு சைக்கிளுக்குப் பெடல் கிடையாது. முன்பு இருந்தது. காப்பி மூட்டையைக் கட்டித் தோட்டத்திலிருந்து மேட்டில் தள்ளிவரும்போதெல்லாம் கெண்டைக்காலில் அடித்தது. கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். செயின் ஆட்டுப்பட்டிக் கதவைக் கட்டப் போய்விட்டது. மூட்டையை பஸ் ரோட்டில் இறக்கிவிட்டால், திரும்பும் வழி முழுக்க இறக்கம். யாரும் பார்க்கவில்லை என்றால் ஏறி உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திப் போவேன்.

போன மாதம் என் மனைவி ஸ்கூட்டர் ஓட்டிப் பழகி, ஒன்றை வாங்கியும் விட்டாள். வாசல் தகரக் கூரைக்கு அடியில் ஒரு வண்டிக்குத்தான் இடம்.

"மூட்டையெல்லாம் இனி நானே கொண்டு போறனுங்க. பெடல் இல்லாத சைக்கிளு ஊட்டுல எதுக்கு? வெள்ளிக்கிழம பழைய இரும்புக்காரரு வந்தா போட்டர்றேன்" என்றாள்.

மூட்டை போனால் போகட்டும். அந்த இறக்கத்தை எப்படி விடுவது? அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், பஸ் ரோட்டு டீக்கடை பாயிடம்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், மரத்தாலான இருசக்கர வண்டியில் உட்கார்ந்து காலால் உந்திக்கொண்டிருந்தார்.

"மொதமொதல்ல வந்த சைக்கிளுக்குப் பெடலே இல்லீங்களாம். எரநூறு வருசத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் பெடல் வெச்சாங்க, செயின் மாட்டுனாங்க, காத்தடிக்கிற டயர் போட்டாங்க. அத்தனையும் ஆகி ஒலகமெல்லாம் சுத்தி நம்ம மலைக்கு வந்து சேந்துச்சு. நீங்க கழட்டிப் போட்டீங்க!"

அதற்குள் மனைவியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பாய் அவளிடமும் படத்தை நீட்டினார்.

"பாவம், இந்தாளு பொண்டாட்டி என்ன பாடுபட்டாளோ" என்றாள்.

"உங்க ஊட்டுக்காரரும் இப்படித்தானுங்க அக்கா. எறக்கத்துல கோழி சீய்க்கிற மாதிரி காலை ஒதறிக்கிட்டுப் போவாரு. நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன்."

எனக்கு டீ புரையேறியது. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க, ஓட்டிக் காட்டுங்க. நல்லா இருந்தா இருக்கட்டும்."

டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கூச்சத்தில் காது சுட்டது. பேசாமல் நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் சைக்கிள் போய்விடும். ஏறி உட்கார்ந்து உந்தினேன். பின்னால் விசில் கேட்டது. பாதி இறக்கத்தில் கூச்சமும் பின்தங்கிவிட்டது. மனைவி ஸ்கூட்டரில் சிரித்தபடியே, ஆரன் அடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் பின்னால் வந்தாள்.

வெள்ளிக்கிழமை இரும்புக்காரர் வந்தார். மனைவி பரணில் ஏறி, அந்தப் பெடல் இரண்டையும் எடுத்து அவர் சாக்கில் போட்டாள்.