ரோஜாப்பூ போட்ட விரல்

பன்னிரண்டு அங்குலச் சதுரத் தாள்கள். கட்டுக்கு இருபத்து நான்கு. வெளிர் பச்சையில் இலை, நீலத்தில் கோடு, சந்தன நிறத்தில் ரோஜா. ஸ்க்ராப்புக் பேப்பர் என்று இணையத்தில் வரவழைத்து, எங்கள் எச்.ஆர். மேடம் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கப்பலூரில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. தினமும் டன் கணக்கில் தாள் வெட்டும் இடத்துக்கு, தாள் என்றால் என்ன என்று கற்றுத்தர வந்தவர் போல நின்றார்.

அட்டையை வடிவாக வெட்டும் பஞ்சிங் மெஷினில் முப்பது வருடம் நின்ற அண்ணன் ஓய்வு பெறப்போகிறார். அவருக்கு ஒரு நினைவு ஆல்பம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண் ஊழியர்கள் செய்ய வேண்டும். பெண்களுக்குக் கைவேலை தானாக வரும் என்பது மேடத்தின் முடிவு. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டுத் தரக் கட்டுப்பாட்டில் இருப்பவள். கலர் பேப்பர் வெட்டியது ஐந்தாம் வகுப்போடு சரி.

மேடத்தைப் பற்றி நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு வருவார். பட்டியல் அதோடு முடிந்தது. ஷெட்டுக்குள் அவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்றும் ஆயுதபூஜை அன்று.

ஆல்பத்தின் கடைசிப் பக்கம் அண்ணனின் கை. ஏதோ வீடியோவில் மேடம் பார்த்தது. கையைத் தாளில் வைத்து வரைந்து, ரோஜாத் தாளில் வெட்டி ஒட்ட வேண்டும். பென்சிலோடு நான்தான் போனேன். அண்ணன் இடது கையை நீட்டினார்.

"வலது கை பூரா கிரீசு பாப்பா. இதுல வரஞ்சுக்க. ஒனக்கும் வேலை கம்மி, நாலு வெரலுதான்."

ஆள்காட்டி விரல் அடிக்கணுவோடு முடிந்திருக்கும். நான் வேலைக்குச் சேரும் முன்பே அந்த மெஷின் எடுத்துக்கொண்டது. இருந்தபடி வரைந்தேன், வரைந்தபடி வெட்டினேன். மேடம் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, விரல் கட்டாயிருக்கு?"

"அண்ணனுக்கு அப்படித்தான் மேடம்."

"அதுக்காக? பாக்குறதுக்கு அழகா இருக்கணும்ல. மிச்சத் தாள்ல ஒண்ணு வெட்டி ஒட்டிரு."

ஒட்டினேன். அதோடு நிற்காமல், பழக்கத்தில் சரிபார்ப்புப் பட்டியல் வேறு போட்டேன். ஓரம் நேர், டிக். பசைக் கசிவு இல்லை, டிக். விரலில் இருக்கும் பூ உள்ளங்கைப் பூவோடு சேர்கிறது, டிக். மாதிரியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் விலகினால் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவள், ஒரு முழு விரலைப் பாஸ் செய்தேன். மேடத்தின் மேல் எனக்குள்ள இளக்காரத்தில் எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேன்டீனில் விழா. மாலை போட்டார்கள். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று மேடம் தாளைப் பார்த்து வாசித்தார். அண்ணன் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்து கடைசிப் பக்கத்தில் நின்றார். இடது கையை எடுத்து அந்தக் கையின்மேல் பொருத்தி வைத்தார். எல்லாம் மறைந்தது. ரோஜா விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எம்புட்டு வருசமாத் தேடுறேன். இத எங்க வச்சிருந்தீங்க மேடம்?"

மேடம் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

அண்ணன் என்னிடம் கட்டர் கேட்டார். ஒட்டுத் தெரியாமல் நான் ஒட்டியிருந்த இடத்தை அவர் தேடக்கூட இல்லை. கணுவில் ஒரே இழுப்பு. நகத்தால் உரித்தெடுத்து மேடத்தின் கையில் வைத்தார்.

"ஏற்கெனவே ஒண்ணு இங்கனதான் கெடக்கு. இதையும் சேத்து வச்சுக்கங்க. நான் வாரேன்."

ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். இன்றும் அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்த அண்ணன் ரொம்ப எமோஷனல் ஆயிட்டாரு" என்றுதான் மேடம் சொல்கிறார். கேக் வெட்டிய தட்டோடு சேர்த்து அந்த விரலை அவர் குப்பைக்கூடையில் போட்டதை நான் பார்த்தேன்.