மாப்பிள்ளை வீட்டு டிக்கெட்

சந்திரமதி என் சித்தப்பா முத்தையாவின் கடைசி மகள். கல்யாணங்களில் ஏசல் பாடுவாள். பெண் வீட்டுப் பக்கம் நின்றுகொண்டு மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்து பாடுவதுதான் ஏசல். எழுதி வைத்துக்கொண்டு பாட மாட்டாள். எதிரே வருகிற ஆளைப் பார்த்தால் போதும், பாட்டு தானாக வந்துவிடும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் என் மகள் பவித்ராவின் கல்யாணம். மாப்பிள்ளையின் அத்தை சுசீலா சீர்த்தட்டுகளோடு முதல் ஆளாக நுழைந்தார். சந்திரமதி எடுத்துவிட்டாள்:

அத்தை கொண்டு வந்த தட்டு அடடா பதினொண்ணு
அத்தனையும் தேடிப் பாத்தா ஆப்பிள் மட்டும் ஒண்ணு

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், பெண்ணைப் பெற்றவன் சிரித்திருக்கக் கூடாது. சுசீலா இலையில் உட்காராமலே போய்விட்டார். பிறகு பவித்ராவின் வளைகாப்புக்கும் வரவில்லை, பேரன் காதுகுத்துக்கும் வரவில்லை. கதை பரவி, சந்திரமதியைப் பாடக் கூப்பிடவும் ஆட்கள் பயந்தார்கள்.

"பாட விடலைன்னா என்ன, நாலு பேரைப் பாட வைக்கிறேன்" என்று அவள் கச்சேரி ஏற்பாடு செய்யும் தொழிலில் இறங்கினாள். சமூக மன்றத்தில் கும்மியில் ஆரம்பித்து, ஊரிலிருந்து மேளக் குழுக்களை விமானத்தில் வரவழைக்கும் அளவுக்கு வளர்ந்தாள்.

போன வருடம் என்னிடம் வந்தாள். "அண்ணே, கல்யாணமே இல்லாம ஒரு சம்பந்திச் சண்டை நடத்தப்போறேன்."

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு அரங்கம். இடது பக்கம் பெண் வீடு, சிவப்பு டிக்கெட். வலது பக்கம் மாப்பிள்ளை வீடு, மஞ்சள் டிக்கெட். இரண்டு பக்கமும் மாறி மாறி ஏசிக்கொள்ள வேண்டும். சிவப்பு நாலே நாளில் தீர்ந்தது. மஞ்சளை யாரும் தொடவில்லை. "நாங்க உன் சொந்தம் லா, அந்தப் பக்கம் எப்படி உக்கார்றது?" என்கிறார்களாம்.

"இந்த ஊர்ல எனக்குச் சொந்தம் இல்லாத ஆளாப் பாத்துச் சொல்லுங்கண்ணே."

"தேக்கா பூக்கடை ஜலாலுதீன்?"

"தங்கச்சி கல்யாணத்துல அண்ணன் அந்தப் பக்கம் உக்காருவானான்னு கேக்குறாரு."

"எனக்குத் தெரிஞ்சு உன்னைச் சொந்தம்னு சொல்லாதவங்க ஒருத்தங்கதான்" என்றேன். அவள் எழுந்து செருப்பை மாட்டினாள்.

இருவரும் புக்கிட் மேராவில் சுசீலாவின் வீட்டுக்குப் போனோம். அவர் இப்போது, ஊரிலிருந்து வேலைக்கு வந்து துவாஸ் விடுதிகளில் தங்கியிருக்கும் தொழிலாளிகளுக்குச் சாப்பாடு அனுப்புகிறார். கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார்.

"அண்ணி, ஒரு மஞ்சள் டிக்கெட்..."

"காசும் குடுத்து ஏச்சும் வாங்கணுமா? நல்ல வியாபாரம் லா. எத்தனை சீட்டு காலி?"

"எல்லாமே, அண்ணி. இருநூத்தி நாப்பது."

"பாவம்" என்று உள்கதவையும் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. பெண் வீட்டுப் பக்கம் நிற்க இடமில்லை. எங்கள் பெரியம்மா மகள் பரிசுப் பொட்டலத்தோடு வந்து, "பொண்ணு எங்கப்பா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலது பக்கம் வெறும் நாற்காலி. சந்திரமதி மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நாற்காலியையா அண்ணே ஏசுறது?"

அப்போது வாசலில் கூச்சல். துவாஸிலிருந்து ஆறு பஸ். முன்னால் பச்சைப் பட்டில் சுசீலா, பின்னால் அவர் கைச் சோறு தின்னும் பிள்ளைகள் இருநூறு பேருக்கு மேல். முதல் பதினொரு பேர் கையில் சீர்த்தட்டு. பதினொன்றிலும் ஆப்பிள், ஆப்பிளைத் தவிர வேறொன்றும் இல்லை.

வாசலில் நின்ற பெண் டிக்கெட் கேட்டாள். "மாப்பிள்ளை வீட்டார் என்னிக்கும்மா டிக்கெட் வாங்குனாங்க?" என்றபடி நேரே மேடையேறி மைக்கைப் பிடித்தார் சுசீலா.

ஒத்த ஆப்பிள் எண்ணி வச்சு ஊரைக் கூட்டிச் சொன்னவளே
ஓரமாப் போய் நின்னுக்கிட்டு ஒளிச்சு அதைத் தின்னவளே

"தின்னவளே, தின்னவளே" என்று பஸ்ஸில் வந்த கூட்டம் மொத்தமும் பின்பாட்டுப் பாடியது. கூரை அதிர்ந்தது.

உண்மைதான். பந்தி நடந்த கூடத்தின் பின்பக்கம் சந்திரமதி அந்த ஆப்பிளைத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவள் என்னை முறைத்தாள். "அண்ணே, நீங்களா சொன்னீங்க?"

"நான் மூச்சு விடலை."

"அவர் எதுக்குச் சொல்லணும்? கோவிச்சுக்கிட்டு வெளிய போனவ ஜன்னல் வழியாப் பாத்தேன் லா" என்றார் சுசீலா, மைக்கிலேயே.

பதில் பாட வாயைத் திறந்த சந்திரமதிக்குச் சிரிப்புதான் வந்தது. ஆயுசில் முதல் தடவையாகப் பாட்டு வரவில்லை. தட்டிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து மைக்குக்கு நேராக ஒரு கடி கடித்தாள். அந்தக் கரக் சத்தத்துக்கு இரண்டு பக்கமும் எழுந்து ஆடியது. அப்புறம் இரண்டு மணி நேரம் யார் யாரை ஏசினார்கள் என்று கணக்கே இல்லை. பெண் யாரென்று கடைசி வரை தெரியாமல், பெரியம்மா மகள் பரிசைச் சுசீலா கையிலேயே திணித்துவிட்டாள்.

எல்லாம் முடிந்ததும் வேர்த்து வழிய சுசீலா முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். "சம்பந்தி, எனக்கு இலை எங்க?"

கச்சேரிக்கு யார் இலை போடுவார்கள்? எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு ஓடினேன். இரண்டு நாற்காலியைச் சேர்த்து இலை விரித்தோம். சந்திரமதிதான் பரிமாறினாள். ரசம் ஊற்றும்போது அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது.

"இப்பப் பாடாதடி," என்றார் சுசீலா, சோற்றைப் பிசைந்துகொண்டே. "புரையேறும்."