கோலமுக்கு

டவுன் நடுவே ஆரியசாலையில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்முவார்கள். அப்படி வளர்ந்த என்னை, சுதந்திரம் வந்த மறுவருஷம், என் கணவர் ஊருக்கு வெளியே மரச்சீனிக் கிழங்கு விளைந்த ஒரு மேட்டில் வீடு கட்டிக் குடிவைத்தார். மொத்தமே ஆறு வீடுகள், ஒவ்வொன்றையும் சுற்றி வேலி. ஆள் அரவமே இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

"மார்கழி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பேச ஆள் கிடைக்கலன்னா அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன்.

"போயேன்ளா. இந்த மேட்டுக்கு எந்த வண்டி வரும்?" என்று அவர் சிரித்தார்.

ஆவணியில் ரோடு போட வந்தார்கள். ரோட்டோரம் ஓடை வெட்டுவதற்காக ஓவர்சியர் சாயங்காலம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டுப் போவார். வீட்டு வாசலில் கோலம் போட்டால் வேலிக்குள் யார் பார்ப்பது? நான் கேட்டுக்கு வெளியேதான் போடுவேன். விடிந்ததும் அங்கே பெருக்கிச் சாணி தெளித்துவிடுவேன். அந்தக் கோட்டை நேற்றைய கோலத்தின் மிச்சம் என்றே நினைத்தேன்.

ஆட்கள் இரு பக்கமும் வெட்டிக்கொண்டு வந்து என் கோலத்தருகே நின்றுவிட்டார்கள். அதில் மண்வெட்டியை வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கோட்டை அழித்தது யார் என்று ஓவர்சியர் வந்து கத்தினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த ஓவர்சியர் சிரித்துவிட்டு மலையாளத்தில் சொன்னார்: "அவிடெ ஓட வேண்டா. குழாயிட்டு மூடிக்கோ."

அங்கே மட்டும் ஓடை மண்ணுக்கடியில் குழாயில் போனதால், எங்கள் கேட்டுக்கு முன்னால் ரோடு அகலமாயிற்று. பஸ் வந்தபோது திருப்ப வேறு இடமில்லை. கண்டக்டர் "கோலமுக்கு! கோலமுக்கு!" என்று கூவியதே அந்த இடத்துக்குப் பெயராகிவிட்டது. மற்ற ஐந்து வீட்டுப் பெண்களும் என் கேட்டில்தான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். ஒருத்தி கோலம் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். பேச்சு சுவாரசியத்தில் எத்தனை பஸ்ஸை விட்டோமோ!

மார்கழி முதல் தேதி காலையில் நான் பஸ் ஏறக் கேட்டுக்கு வந்தேன். அவரும் பின்னால் வந்தார்.

"ஏளா, எங்க கிளம்பிட்ட?"

"அம்மா வீட்டுக்கு."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. வேண்டுமென்றேதான் நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

எப்படியும் திரும்பிவிடுவோம் என்று ஆரியசாலையிலேயே விட்டுவைத்திருந்த சீர்ப் பாத்திரங்களை இரண்டு சாக்கில் கட்டிக்கொண்டு மத்தியானம் வந்து இறங்கினேன். அவர் ஆபீஸுக்குப் போகவே இல்லை. காலையில் நின்ற அதே கேட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.