நவாஸ் நானாவின் புதுப் பம்ப்

கடலோர மணல் ஊரான மாம்புரியில், பக்கத்துத் தோட்டக்காரர் நவாஸ் நானா கிணற்றுக்குப் புதிதாகச் சோலார் பம்ப் பூட்டியிருக்கிறார். இன்று பார்க்கப் போனேன்.

"இனி டீசலும் இல்ல, புகையும் இல்ல" என்றார். எனக்கும் சந்தோசம்தான்.

ஆனால் மிளகாய்ப் பாத்தியில் தண்ணீர் தேங்கி நின்றது. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

"நானா, இவ்வளவு தண்ணி காணும்தானே? நிப்பாட்டுங்களேன்."

"என்னத்துக்கு? வெயில் சும்மாதானே கிடைக்குது."

டீசல் காலத்தில், பாத்தி நனைந்ததும் ஓடிப்போய் நிறுத்துகிற மனிசன் இவர்.

அவருடைய மனைவி தேத்தண்ணி தந்தார். ஒரு வாய் குடித்ததும் என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"உப்புக் கரிக்குதா தம்பி? கிணறு கொஞ்ச நாளா இப்படித்தான்" என்றார்.

"அடுத்த கிழமை இன்னும் ஆழமாக்கப் போறன்" என்றார் நானா.

"கீழ கடல் தண்ணிதானே நானா இருக்கு? இறைக்க இறைக்க மேல ஏறாதா?"

"அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான்."

பின்னால் பம்ப் சத்தமே இல்லாமல் இறைத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். இப்போதைக்கு நல்ல தண்ணீர்தான். ஆனால் இரண்டு கிணற்றுக்கும் ஒரே மணலில் இருந்துதான் தண்ணீர் ஊறுகிறது.

என்னுடைய சோலார் பம்ப்பும் அடுத்த மாதம் வருகிறது.

சும்மா கிடைக்கிற வெயிலில் ஓடுவதை உங்களில் யார் நிப்பாட்டுவீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.