நாளிதழுக்கு அடியில் ஓர் அட்லஸ்

மூன்று வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த சமயம். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில்தான் எங்கள் வீடு. என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அந்த ஆண்டுதான் எதிர்வீட்டுக்கு ஒரு பெண் வாடகைக்கு வந்தாள். கணவர் ராணுவத்தில் இருந்தார். அவளுடைய ஒரே மகளும் என் மகளின் வகுப்பிலேயே சேர்ந்தாள்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் வந்த ஒரு மாதத்துக்குள்ளேயே எனக்கு அவள் மேல் பொறாமை வந்துவிட்டது. அவள் மகள் தனியாகக் கடைக்குப் போய் மாவு வாங்கி வருவாள். என் மகளைத் தெருமுனை வரைகூட நான் தனியே அனுப்பியதில்லை. அனுப்பாதது சரியா தவறா என்று தினமும் யோசிப்பேன், ஆனாலும் அனுப்ப மாட்டேன். எதிர்வீட்டில் எந்த யோசனையும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவள் வாசலில் நின்றபடியே கைப்பேசியில் மழை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "யக்கா, மலை மேல பூரா சிவப்பாக் காட்டுது. குளிக்க விட மாட்டாவ. சும்மா அலையாதிய" என்றாள். நாங்கள் கேட்காமல் போனோம். தண்ணீர் அதிகம் என்று கயிறு கட்டி மறித்திருந்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவர், "அந்தப் பிள்ளைக்கு என்ன விவரம் பாரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். புவியியலில் பட்டம் வாங்கியவள் நான். அவள் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமே பள்ளியில், 'வரைபட வகைகளும் பயன்களும்' என்று ஒரு சார்ட் செய்து பெற்றோர் முன்னிலையில் விளக்க வேண்டும் என்றார்கள். இது என் பாடம், இதிலாவது நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். மகள் என்று நினைத்தேனா, நான் என்று நினைத்தேனா என்பது இப்போதும் தெளிவாகத் தெரியவில்லை. என் கல்லூரி அட்லஸை எடுத்து இயற்கை அமைப்பு, அரசியல் எல்லை, தட்பவெப்பம், சாலை என்று நானே வரைந்தேன். மாமனாரின் பட்டா காகிதங்களிலிருந்து புல வரைபடத்தையும் நகல் எடுத்து ஒட்டினேன். வரப்பு யாருடையது என்று சண்டை வந்தால் கடைசியில் அதைத்தானே விரிப்பார்கள். மகளுக்குக் கடலுக்கு நீலம் தீட்டும் வேலையை மட்டும் கொடுத்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் எதிர்வீட்டுக்காரி வந்தாள். செருப்புச் சத்தம் கேட்டதும் என் கை தானாக அட்லஸின் மேல் நாளிதழை இழுத்துப் போட்டது.

"யக்கா, மேப் புக்கு ஏதாவது இருந்தாத் தாங்களேன். ஒரு மணி நேரத்துல குடுத்திருதேன். எம் பிள்ள என்னமோ கோடு கோடாக் கிறுக்கிட்டு இருக்கா."

"எங்கிட்ட இல்லையேம்மா. போன்ல பாத்துத்தான் வரையுதோம்."

அவள் சரி என்று போய்விட்டாள். என் மகள் தூரிகையைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு ஒரே பயம்தான். இவள் இனிமேல் என்னை எப்படி நினைப்பாள்?

சார்ட்டை விளக்கும் நாளன்று பள்ளி அரங்கில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் அவள்தான் வந்து உட்கார்ந்தாள். என் மகள் மனப்பாடம் செய்ததைப் பிசகாமல் ஒப்பித்தாள். ஆசிரியை, "இவ்வளவு அழகா இருக்கே, எதைப் பாத்து வரைஞ்ச?" என்று கேட்டார். என் மகள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அம்மாவோட அட்லஸப் பாத்து, மிஸ்" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஆசிரியை அதோடு விடாமல், "இதுல நம்ம ஊரு எங்க இருக்கு, காட்டு" என்றார். என் மகளின் விரல் மேற்கு மலையில் தொடங்கி வங்காள விரிகுடா வரை போய், அங்கே நின்றுவிட்டது.

அடுத்து எதிர்வீட்டுப் பிள்ளை ஒரே ஒரு தாளோடு ஏறினாள். தென்காசி ரயில் நிலையத்திலிருந்து அவர்கள் வீடு வரை வழி போட்டிருந்தாள். விடுப்பில் வரும் அப்பா இந்த வாடகை வீட்டைப் பார்த்ததே இல்லையாம். அவருக்குப் போனில் அனுப்புவதற்காக வரைந்தது. "மொதல்ல வெள்ள நாயி, இளநி வண்டி எல்லாம் போட்டிருந்தேன் மிஸ். அப்பா ஏசினாவ. நகந்து போறத மேப்புல போடாத, நாயி எந்திச்சிப் போயிட்டா நான் எங்கட்டி போவேன்னு கேட்டாவ. அதான் டிரான்ஸ்பார்மரு, தண்ணி டேங்கு, மாவு மில்லு மட்டும் வச்சிருக்கேன்." அரங்கே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கோணல் கோடுகளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அவள் அம்மா அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

வெளியே வரும்போது அவள் ஏதாவது கேட்பாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். கல்லூரி அட்லஸ் பழசு, தாள் கிழிந்திருந்தது, அன்றைக்குக் கிடைக்கவில்லை. அவளோ, "யக்கா, சனிக்கிழம அவிய வாராவ. ஐந்தருவிக்குப் போறோம். பாப்பாவயும் அனுப்புங்க" என்றாள். எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு, அட்லஸோடு எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இது அன்னைக்கே எங்கிட்ட இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்க்கா. பேப்பருக்கு வெளிய ஓரம் நீட்டிக்கிட்டுல்லா கெடந்துச்சி."

"பெறகு ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும்லா. பிள்ள வேற பாத்துக்கிட்டு இருந்தா."

அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அட்லஸை வாங்கினாள். என் மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி என்னை மன்னித்தாளா, பாவம் பார்த்தாளா, நான் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை என் மகளை அவர்களோடு ஐந்தருவிக்கு அனுப்பினேன். அவள் திரும்பி வரும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குள் ஏதோ ஒன்று லேசாக எரியத்தான் செய்கிறது. ஆனால் என் பிள்ளையின் முன்னால் நான் இன்னொரு பொய் சொல்லிவிடக் கூடாது என்று என்னைவிட அவள்தான் கவலைப்பட்டாள் என்பதை நினைக்கும்போது, அந்த எரிச்சல் தலைகுனிந்து உட்கார்ந்துவிடுகிறது.