முதலில் எடுத்த கை

துறைமுகத்தடித் தேவாலயத்தின் பின்னறையில், இல்லாதவர்களுக்கென வந்த பழைய பொருட்களை மலிவாக விற்றுவந்தார் அந்த அம்மையார். ஒல்லியான உருவம், காதோரம் நரை. எந்த உடுப்பானாலும் பொக்கற்றுகளை வெளியே இழுத்துப் பார்த்த பின்னரே கையில் கொடுப்பார். எவருடைய கடிதமும் தவறிப் போய்விடக் கூடாதாம்.

பிரித்தானியக் கடற்படை திருகோணமலைக் கப்பல் பட்டறையை விட்டு வெளியேறிய காலம். அலுமாரியை வெறுமையாக்க எண்ணி ஒரு மூட்டை உடுப்பைக் கொடுக்கப் போன நான், அங்கே தொங்கிய கம்பளிக் கோட்டைக் கண்டதும் எடுத்துக்கொண்டேன். அப்போது ஒரு பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“அக்கா, டொக்யாட்டில மனுசனுக்கு வேலை போயிட்டுது. நுவரெலியாவில காவல் வேலை கிடைச்சிருக்கு. குளிருக்கு ஒரு கோட்டு இருக்குதோ?”

“இருந்தது ஒண்டுதான் பிள்ளை. சேரின்ர கையில இருக்கு.”

முதலில் எடுத்தவருக்கே பொருள் என்பது அந்த அறையின் விதி. இருவரும் என் கையைப் பார்த்தனர். அம்மையார் கோட்டை வாங்கி, பொக்கற்றுகளை வழக்கத்தைவிட மெதுவாகத் துழாவினார்.

“திருகோணமலை வெயிலுக்கு இதை எப்ப சேர் போடப்போறீங்கள்?”

“மலிவாக் கிடைக்குதே” என்றேன்.

அவர் கோட்டை மடித்துத் தந்தார்.

மனம் உறுத்தவே, மூன்றாம் நாள் அதைத் திரும்பக் கொண்டுபோனேன். அவர் பொக்கற்றுகளை இழுத்துப் பார்த்து, பழைய ஆணியிலேயே மாட்டினார்.

“அந்தப் பிள்ளையும் மனுசனும் நேற்று ரயிலேறிட்டினம், சேர்.”

அந்தக் குரலில் சிறிதேனும் கோபம் இருந்திருந்தால், நான் அவரை எப்போதோ மறந்திருப்பேன்.