கட்டிலுக்கடியில் ஒரு பிரெஞ்சு வகுப்பு

பள்ளிக்கூடத்து பிரெஞ்சு வாத்தியார் வேலையை உதறிவிட்டு, இனி டியூஷன்தான் என்று மனைவியிடம் வீரமாக அறிவித்தபோது என் கையில் ஒரு மாணவன்கூட இல்லை. புதுச்சேரியில் ஆள் பிடிக்கச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிப் பயனில்லை. நிச்சயதார்த்தங்களுக்குப் போக வேண்டும். பெண் 'நேஷனாலிட்டி', அதாவது பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம் என்றால், மாப்பிள்ளை அங்கே போய்ப் பிழைக்க பிரெஞ்சு கற்றாக வேண்டும். அழைக்காத பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரும் நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச்சுக் கொடுப்பேன். தொப்பைதான் வளர்ந்தது.

கடைசியில் முதலியார்பேட்டையில் ஒருவன் சிக்கினான். செல்போன் கடை வைத்திருக்கும் தங்கமான பிள்ளை. பிரெஞ்சு மட்டும் அவனுக்குள் இறங்க மறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரீசிலிருந்து வருங்கால மாமியார் வீடியோவில் கூப்பிட்டு, மாப்பிள்ளை எவ்வளவு தேறியிருக்கிறார் என்று பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அவன் திணறினால் அந்த அம்மாள் வேறு வாத்தியார் தேடுவார். என் ஒரே மாணவன் போய்விடுவான். ஆகவே அவன் கட்டில்மேல் உட்காருவது, நான் அடியில் படுத்துக் கிசுகிசுப்பது, அதை அவன் அப்படியே சொல்வது என்று ஏற்பாடு. இந்த மகா யோசனை என்னுடையது.

நாடாக் கட்டில். ஒரு பக்கம் அரிசி மூட்டை, மறுபக்கம் சூட்கேஸ். நலம், கடை, மழை வரை நன்றாகத்தான் போயிற்று. அதற்குள் மகன் பிரெஞ்சு பேசுவதைக் கேட்டுப் பூரித்துப்போன அவன் அம்மா உள்ளே வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பாரமான அம்மா. நாடா தொய்ந்து என் நெஞ்சின்மேல் வந்து நின்றது.

லிஃப்டில்கூட ஏறாத வீரன் நான். வியர்த்துக் கொட்டியது. அரிசி மூட்டை பக்கத்தில் என் கதை முடிந்தால் பேப்பரில் எப்படிப் போடுவார்கள் என்றுதான் முதலில் கவலை வந்தது. அந்த நேரம் பார்த்து மாமியார், கல்யாணத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு: மூச்சு முட்டுகிறது, என்னை வெளியே விடுங்கள். பயத்திலும் பிழையில்லாத பிரெஞ்சு. அதை அவன் சிரித்த முகத்தோடு, அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னான்.

மாமியார் தமிழுக்கு மாறினார்.

"என்ன தம்பி, தாலி கட்டறதுக்கு முன்னாடியே மூச்சு முட்டுதா? புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க."

"ஐயோ அத்தை, அது நான் இல்ல. கட்டிலுக்கு அடியில சார் இருக்காரு."

அம்மா பதறி எழுந்த பிறகுதான் என்னால் உருண்டு வர முடிந்தது. தலையில் ஒட்டடையோடு போனுக்கு முன்னால் நின்று, "போன்ஜூர் மதாம்" என்றேன். மாமியார் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னாலிருந்த கல்யாணப் பெண்தான் சிரித்தாள். அடங்கவே நேரமாயிற்று.

"வுடும்மா. இனிமே தெனம் நானே அவருக்கு போன்ல சொல்லிக் குடுத்துக்கறேன். சார் பாவம், காத்தாட வெளிய போவட்டும்."

மாப்பிள்ளை முகத்தில் அப்படியொரு வெளிச்சம். எனக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தேன். அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா என் சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு, காபி குடிக்காமல் போகக்கூடாது என்று கூடத்தில் உட்கார வைத்தார்.

உள்ளே அதற்குள் வகுப்பு ஆரம்பமாகியிருந்தது. அவள் கேட்க, அவன் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். டம்ளரும் கையுமாக, பழக்கதோஷத்தில் ஒரு வார்த்தையைத் திருத்திக் குரல் கொடுத்தேன்.

அவன் எழுந்து வந்து, மரியாதையாக என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டான்.